பெரியப்பாவின் லாக் புத்தகம்

அன்புள்ள ஐயா,

தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டதைப் பற்றி முன்பு எழுதிய குறிப்பில், இளம் வயதில் மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகத் தட்டும் தந்திக் குறி) கற்கப் போய்த் தோற்றுத் திரும்பியதை ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இந்தக் கடிதம்.

என் பெரியப்பா சென்ற மாதம் காலமானார். வயது 81. ராணுவத்தின் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பியதும் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலித் தொடர்பு) உரிமம் வாங்கினார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு உலகம் கிடையாது. மாடியில் ஓர் அறை, தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம் வரை இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, ஒரு மர நாற்காலி. காலையில் 'விக்டர் யூனிஃபார்ம் டூ' (அவருடைய ரேடியோ அழைப்புக் குறியீட்டின் தொடக்கம்) என்று அவர் குரல் கேட்டால்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். டிவியில் கோடு விழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜப்பான்காரருடன் பேசுவார், எங்களுடன் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியதாக நினைவில்லை. அவர் மகளுக்கு இந்தக் குறை இன்றும் உண்டு.

அந்த அறையைக் காலி செய்யும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு ரேடியோக்கள், ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய வெளிநாட்டு அட்டைகள் (சோவியத் அட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே தபால் பெட்டி எண் இருப்பது ஏன்?), குழாய் வாஷர்களில் செம்புக் கம்பியைச் சுற்றிப் பொருத்திய சின்னப் பலகை ஒன்று. "வீட்டுக் குழாய் வாஷரைக்கூட இவர் விட்டுவைக்கவில்லை" என்று பெரியம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

என்னைக் குழப்புவது 2004ஆம் ஆண்டின் லாக் புத்தகம், அதாவது ரேடியோ தொடர்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. டிசம்பர் 26 அன்று முதல் பதிவு '0340' என்று இருக்கிறது. அதிகாலை மூன்றே முக்காலுக்கு முன்பே அவர் எழுந்து ரேடியோ முன் உட்கார்ந்துவிட்டார், சுனாமி வரப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது என்று என் தம்பி பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோர் முன்னிலையிலும் பேசினான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பெரிய எழுத்தில் 47 பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ்.டி.டி. (வெளியூர்) குறியீட்டுடன் ஒரு தொலைபேசி எண். 39 பெயர்களுக்கு எதிரே டிக் அடித்திருக்கிறார். எட்டுக்கு இல்லை. நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவைக் கேட்டால், "அந்த நாலைந்து நாளும் மாடியிலேயே கிடந்தார், பிறகு டெலிபோன் பில் வந்து வீட்டில் ஒரே சண்டை" என்பதற்கு மேல் நினைவில்லை.

அந்தப் பக்கங்களைப் படமெடுத்து முகநூலில் போடலாம் என்கிறான் தம்பி. ஆளுக்கொரு செல்போன் இருக்கும் காலத்தில் இப்படிக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஒரு ஆயுளை ஓட்டியது வீண்தானே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் தம்பிக்கு ஏமாற்றம் தரப் போகிறேன். '0340' அதிகாலை அல்ல.

உலகெங்கும் உள்ள ஹாம்கள் லாக் புத்தகத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுவதில்லை. இங்கே ஒருவருக்குக் காலை, அங்கே ஒருவருக்கு நள்ளிரவு. இரண்டு பேரும் ஒரே தொடர்பைத்தான் எழுதி வைக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவான உலக நேரம். நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. 0340 என்பது நம் கடிகாரத்தில் காலை 9.10. சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது காலை ஆறரை மணியை ஒட்டி. தமிழகக் கரையில் அலை ஏறியது ஒன்பதை ஒட்டி. உங்கள் பெரியப்பா மாடியேறி முதல் பதிவை எழுதிய நேரத்தில் கடற்கரைகளில் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது.

அவருக்கு முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காரியத்தன்று பேசப்பட்டதைத் திருத்துவது சங்கடம்தான். ஆனால் குடும்பத்தில் ஒருவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டால் அவர் உண்மையில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவர் செய்த வேலை அந்தக் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

அதற்கு முன் அந்தமானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து ஹாம் ரேடியோ இயக்கப் பல ஆண்டுகளாக அனுமதி கிடைக்காமல் இருந்தது. உலக ஹாம்கள் அரிய இடங்களைத் தேடித்தேடிப் பிடிப்பவர்கள். அவர்களுக்கு அந்தமான் கைக்கெட்டாத கனி. தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் நெடுநாள் அலைந்து அனுமதி பெற்று, ஒரு குழுவுடன் 2004 டிசம்பரில் போர்ட் பிளேயர் போய்ச் சேர்ந்தார். ஒரு விடுதியில் ஆன்டெனா கட்டி உலகம் முழுவதுடனும் பேசிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலை தரை குலுங்கியது. நிக்கோபார் தீவுகளுக்கான தொடர்பு அறுந்துபோனது. வேடிக்கைக்காகக் கொண்டுபோன அதே கருவிகளை வைத்து அந்தக் குழு அவசரத் தொடர்பு நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. தீவுகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அந்த வழியாகவும் பெருநிலத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது என்று எளிதாக எழுதிவிட்டேன். எங்கே வந்து சேரும்? ரேடியோ அலை வானத்தில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு மொட்டை மாடிக் கம்பியில் இறங்கும். அங்கே ஒரு ஆள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அது செய்தி. இல்லாவிட்டால் வெறும் இரைச்சல். போர்ட் பிளேயரில் ஒருவர் "இன்னார், இன்ன இடம், நலமாக இருக்கிறார், ஊரில் இந்த எண்ணில் சொல்லவும்" என்று படிப்பார். கேட்பவர் எழுதிக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து திருப்பிப் படிப்பார். எண் ஒன்று பிசகினாலும் செய்தி வேறு வீட்டுக்குப் போய்விடும். சரிபார்த்து முடித்ததும் ரேடியோவை விட்டு எழுந்து, தன் வீட்டுத் தொலைபேசியை எடுத்து, அந்த எண்ணைச் சுழற்றுவார்.

அந்தமானில் தமிழர்கள் ஏராளம். அவர்களுடைய அப்பா அம்மா, அண்ணன் தம்பிகள் எல்லாம் இந்தக் கரையில். உங்கள் பெரியப்பாவின் 47 பெயர்கள் இந்த வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எஸ்.டி.டி. குறியீடுகளைப் பாருங்கள்; எந்தெந்த ஊர் என்று உங்களுக்கே தெரியும். டிக் என்றால் அந்த வீட்டில் ஒருவர் தொலைபேசியை எடுத்துவிட்டார், செய்தியைச் சொல்லியாயிற்று என்று பொருள். டிக் இல்லாத எட்டும் கிடைக்காத எண்களாக இருக்கும். சிக்னல்ஸ்காரர் சேர்க்காத செய்திக்கு டிக் அடிக்க மாட்டார். அது அவர் ரத்தத்தில் இல்லாத காரியம்.

பெரியம்மா சொன்ன டெலிபோன் பில்லை இப்போது இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கடிதத்தில் அந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டிலும் யாரும் இருபது ஆண்டுகளாகச் சேர்த்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. 39 வெளியூர் அழைப்புகள். சிலவற்றுக்கு ஐந்தாறு முறை முயன்றிருப்பார். ஹவில்தார் பென்ஷனில் அது சிறிய தொகை அல்ல. யாரிடமும் ஒரு பைசா வாங்கியிருக்க முடியாது. அமெச்சூர் என்ற சொல்லுக்கே பொருள் அதுதான். ஹாம் ரேடியோவில் செய்தி சேர்த்ததற்குக் கூலி வாங்கினால் உரிமம் போய்விடும். சண்டை நடந்த அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியம்மா தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இதற்கு ஒரு பக்கவாட்டுக் கதை. வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்கள் வீட்டுக்குப் பேசச் சுலபமான வழி கிடையாது. ராணுவமும் ஹாம்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். போர்முனையிலிருந்து ரேடியோ அலை கடலைத் தாண்டி அமெரிக்காவில் ஒரு ஹாமின் வீட்டுக்கு வரும். அவர் அதைத் தன் தொலைபேசியுடன் இணைத்து, வீரனின் வீட்டுக்கு அழைப்பார். 1964இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்ற பாரி கோல்ட்வாட்டரின் அரிசோனா வீட்டிலேயே இப்படி ஒரு நிலையம் ஆண்டுக்கணக்கில் இயங்கியது. அவருடைய அரசியலில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அந்த நிலையத்துக்காக மட்டும் ஒரு வணக்கம் வைக்கலாம்.

அந்த இணைப்பில் ஒரு தொல்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். அப்போது நடுவில் இருக்கும் ஹாம் ஸ்விட்சைத் தட்டி மறுபக்கத்துக்கு மாற்றுவார். ஆக, புது மனைவி "உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஓவர்" என்பாள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அவன் "நானும்தான், ஓவர்" என்பான். ஸ்விட்ச் தட்டுபவர் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால்தான் எப்போது தட்டுவது என்று தெரியும். குழந்தை பிறந்த செய்தி, அப்பா இறந்த செய்தி, இனி எனக்குக் கடிதம் எழுதாதே என்ற செய்தி, எல்லாம் அவர் காது வழியாகத்தான் போகும். கேட்க வேண்டும், கேட்டதும் மறந்துவிட வேண்டும். அடுத்த நாள் கடைத்தெருவில் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

உங்கள் பெரியப்பா பயின்றதும் இதே பள்ளி. நம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவு 1911இல் தொடங்கியது. ஜபல்பூரில் அதன் பயிற்சி மையம் இருக்கிறது. 'தீவ்ர சௌகஸ்' என்பது குறிக்கோள் வாசகம். விரைவும் விழிப்பும் என்று சொல்லலாம். அங்கே 24 ஆண்டுகள் ஒருவர் என்ன செய்கிறார்? இன்னொருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்க்கிறார். செய்தி அவருடையது அல்ல. அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. திறந்து பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரரைவிட இவர் நிலை கொஞ்சம் மோசம். இவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு மௌனமாக இருக்க வேண்டும். தூங்கும்போதும் கழற்ற முடியாத சீருடை அந்த மௌனம். வீட்டில் டெலிபோன் பில்லை நீட்டி "யாருக்கு இத்தனை போன்?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்திருக்காது. "இன்னாருடைய மகன் பிழைத்துவிட்டான் என்று இன்னாருக்குச் சொன்னேன்" என்பது அவர் வரையில் ஒரு ரகசியத்தை வெளியிடுவது.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பக்கங்களை முகநூலில் போட வேண்டாம். தம்பியின் ஆசை நல்ல ஆசைதான். பெரியப்பாவுக்கு நாலு பேர் கைதட்ட வேண்டும் என்கிறான். ஆனால் அதில் 47 குடும்பங்களின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. அந்த எட்டில் சிலருக்கு அந்த வாரம் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியாது. இருபது ஆண்டுக்குப் பிறகு ஒரு மகள் தற்செயலாகத் தன் அப்பாவின் பெயரை டிக் இல்லாமல் திரையில் பார்க்க வேண்டாம்.

இப்போது அவர் மகளின் குறைக்கு வருகிறேன். அது நியாயமான குறை. இதுவரை சொன்னதை வைத்து அதைத் துடைத்துவிட முடியாது, துடைக்கவும் கூடாது. ஊருக்கு உழைத்தவர்கள் வீட்டுக்குக் கடன் வைத்துவிட்டுப் போவது நம்மிடம் புதிதல்ல. ஒன்றை மட்டும் விளக்க முடியும். ஜப்பான்காரருடன் மணிக்கணக்கில் பேசினார் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஹாம்கள் தொலைதூரத் தொடர்பில் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். உன் குறியீடு இது, என் குறியீடு இது. உன் ஒலி எனக்கு 'ஐந்து ஒன்பது', அதாவது தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலிமை ஒன்பது. என் பெயர் இது, ஊர் இது, இங்கே மழை. செவன்ட்டி த்ரீ, வணக்கம். அவ்வளவுதான். 'செவன்ட்டி த்ரீ' என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக்காரர்களிடமிருந்து வந்த எண். நல்வாழ்த்துகள் என்று பொருள். அரசியல், மதம் பேசுவதில்லை. வீட்டுக் கஷ்டம் பேசுவதில்லை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் உரையாடல் அது. பேசத் தெரியாதவர்களுக்காகவே யாரோ உட்கார்ந்து வடிவமைத்தது போல இருக்கும். பேச்சின் எல்லா வளைவுகளுக்கும் முன்பே விதி எழுதிவைத்த ஓர் இடத்தில் 24 ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவருக்கு, பத்து வயது மகளிடம் என்ன பேசுவது, எப்போது 'ஓவர்' சொல்வது என்று தெரிந்திருக்காது. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோபம் போகாது. கொஞ்சம் சிரிக்கலாம்.

என் மோர்ஸ் தோல்வியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா? சொல்ல அதிகம் இல்லை. இருபத்து மூன்று வயதில், ஓய்வுபெற்ற ஒரு தந்தி ஊழியர் தன் வீட்டுத் திண்ணையில் நடத்திய வகுப்பில் சேர்ந்தேன். நான் புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். "எண்ணாதே, காதில் விழட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மோர்ஸ் தெரிந்தவர்கள் எழுத்தைக் கேட்பதில்லை, சொல்லையே ஒரு தாளமாகக் கேட்கிறார்கள். மிருதங்கக்காரர் சொற்கட்டைக் கேட்பது போல. இன்னும் ஒரு படி மேலே போனால், தட்டுவது யார் என்றே கையை வைத்துச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை. அந்தத் திண்ணையில் எனக்கு எட்டாமலே போனது அதுதான். நிமிடத்துக்கு ஐந்து சொல் தேறினால் பரீட்சைக்குப் போகலாம் என்றார். நான் நாலிலேயே மூச்சுத் திணறி நின்றுவிட்டேன். எழுத்தாளன் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்வதுண்டு, சும்மா சொல்வதுதான்.

வீணா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் உறவினர்கள் கேட்பதில் பாதி உண்மை இருக்கிறது. இன்று பேரிடர் மீட்புப் படைகளிடம் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது. 2004இல் ஹாம்களுக்கு இருந்த இடம் இன்று சுருங்கியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் ஹாம்களைப் புகழ்வது பழம்பெருமை. மறுபாதியையும் சொல்ல வேண்டும். செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் வேண்டும். கோபுரத்தை மற்ற ஊர்களுடன் இணைக்கும் கம்பி அறுந்தால் அது வெறும் இரும்பு. எல்லாம் சரியாக இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் அழைத்தால் யாருக்கும் கிடைக்காது. உங்கள் பெரியப்பாவின் தென்னைமரக் கம்பிக்கு நடுவில் யாரும் கிடையாது. ஒரு கார் பேட்டரி, ஒரு குண்டு பல்புக்கு வேண்டிய நூறு வாட், இருபது மீட்டர் செம்புக் கம்பி, வானம். 1999இல் ஒடிசா புயலுக்குப் பிறகும், 2001இல் குஜராத் பூகம்பத்துக்குப் பிறகும் ஹாம்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது இந்த எளிமையை நம்பித்தான்.

ஆனால் நான் கருவியை வைத்து வழக்காட விரும்பவில்லை. காலையில் அவர் 'விக்டர் யூனிஃபார்ம்' என்று தொடங்கினார் என்றீர்களே, அது என்ன தெரியுமா? பெரும்பாலும் அது 'நெட்'. தினமும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஒருவர் வருகைப் பதிவு எடுப்பார். ஒவ்வொருவராகக் குறியீட்டைச் சொல்லி, உன் ஒலி நன்றாக இருக்கிறது, என் ஒலி எப்படி என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வெளியாட்களுக்கு இதைவிடச் சலிப்பான காரியம் இருக்க முடியாது. கிணற்றடியில் தினமும் ராட்டினத்தைச் சுற்றிப் பார்த்து எண்ணெய் விட்டுவிட்டு, தண்ணீர் எடுக்காமல் திரும்புவது போல. 1986 அளவில் ஊர் திரும்பியிருப்பார் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 2004 வரை பதினெட்டு ஆண்டுகள், ஆறாயிரத்துச் சொச்சம் காலைகள், ஒன்றும் நடக்காத காலைகள். அப்புறம் ஓர் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் எந்த அலைவரிசை எப்போது திறக்கும், எந்தக் குரல் யாருடையது, பகலில் எது கேட்கும், இருட்டியதும் எதற்கு மாற வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. கை தானாகப் போயிருக்கும். அதன் பின்னரும் இருபது ஆண்டு, மறுபடியும் ஒன்றும் நடக்காத காலைகள். அந்தக் காலை நாற்காலியை அவர் விடவில்லை. 39 வீடுகளில் தொலைபேசி மணி அடித்தது அந்த நாற்காலியால். வீண் என்று யார் சொல்கிறார்களோ அவர்களை அந்த 39 எண்களில் ஒன்றைச் சுழற்றச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் வேண்டாம் என்று இப்போதுதானே உங்கள் தம்பிக்குச் சொன்னேன்.

மீதி, வீட்டுக் காரியம்.

ரேடியோக்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். உரிமம் இல்லாமல் நீங்களும் இயக்கக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டாக மைக்கை அழுத்திவிடாமல் மின்கம்பியைக் கழற்றி வையுங்கள். அருகில் உள்ள ஹாம் சங்கத்தில் சொன்னால் வந்து எடுத்துக்கொள்வார்கள், புதிதாகப் பரீட்சை எழுதியவர்களுக்குக் கொடுப்பார்கள். அப்போது அவர் மறைவையும் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் அவர் குறியீட்டுக்குப் பக்கத்தில் 'சைலன்ட் கீ' என்று எழுதிக்கொள்வார்கள். ஓய்ந்த தந்திச் சாவி. ஹாம்கள் யாரையும் இறந்துவிட்டார் என்று எழுதுவதில்லை.

அட்டைகளை அவசரப்பட்டு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அட்டைகள் அவை, 'க்யூ.எஸ்.எல்.' என்பார்கள். சோவியத் அட்டைகளில் ஒரே முகவரி ஏன் என்று கேட்டீர்கள். 'பாக்ஸ் 88, மாஸ்கோ' என்று இருக்கும், சரிதானே? அந்த நாட்டு ஹாம்கள் அத்தனை பேரின் அட்டைகளும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போய்வந்தன. வீட்டு முகவரி கொடுப்பதில்லை. சைபீரியாவின் ஏதோ ஒரு மூலையில் குளிரில் உட்கார்ந்து தட்டியவரும் பாக்ஸ் 88தான். அனுப்பியவரின் நாடே இப்போது இல்லை. யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா அட்டைகளும் அடியில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கடைசியாக அந்த வாஷர் பலகை. பெரியம்மா தப்பாகச் சொல்லவில்லை. அவை குழாய் வாஷர்களேதான். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம், 'பிட்எக்ஸ்' என்று ஒரு டிரான்சீவரை (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோவை) வடிவமைத்து, அதன் சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டார். கம்பி சுற்றுவதற்கான வெளிநாட்டு வளையம் நம் ஊரில் அப்போது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. ஆகவே பிளம்பிங் கடை வாஷரில் சுருள் சுற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தார். உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் அதைப் பார்த்து வாஷரில் கம்பி சுற்றினார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு ஹவில்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல், வாஷரைச் சுற்றிச் சுற்றிக் கம்பியின் கணக்கை எண்ணிக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடிகிறது.

ரேடியோக்களைக் கொடுக்கும்போது அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெரியம்மாவிடமே இருக்கட்டும். எந்தக் குழாயிலிருந்து கழற்றினார், எத்தனை நாள் அது ஒழுகியது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும்.